மருந்துக்கு அடங்காத புழு: கொங்கு நாட்டு வெள்ளாடுகளும் குடற்புழு மருந்தெதிர்ப்பும்

வெள்ளாடுகளுக்குக் குடற்புழு நீக்க மருந்து கொடுத்த பிறகும் கழிச்சல் நிற்காமலும், கண்ணின் வெளுப்பு மாறாமலும், தாடைக்கடியில் தொங்கும் வீக்கம் வற்றாமலும் போவதற்குப் பல காரணங்கள் இருக்கக்கூடும். மருந்தின் தரம் குறைந்திருக்கலாம், அளவு போதாமல் இருந்திருக்கலாம், நோயே வேறாக இருக்கலாம். இவற்றுள் மிகக் குறைவாகக் கவனிக்கப்படுவதும், ஒருமுறை வேரூன்றிவிட்டால் திரும்பப் பெற ஏறத்தாழ வழியற்றதுமான காரணம், புழுக்களே அம்மருந்துக்கு அடங்காதவையாக மாறிவிடுவதாகும். முன்பு ஒரு புழுக்கூட்டத்தை அநேகமாக முழுவதும் கொன்ற அளவு மருந்து, பின்னாளில் அதே இனப் புழுக்களில் கணிசமானவற்றைக் கொல்லாமல் விட, அவ்வாறு தப்பும் திறன் அவற்றின் சந்ததிக்கும் இறங்குமாயின், அந்நிலை மருந்தெதிர்ப்பு எனப்படும். ஆட்டுக்கு மருந்து பழகிப்போய்விட்டது என்று பட்டிகளில் சொல்லப்படும் விளக்கம் இங்கே பொருந்தாது. மாறியிருப்பது ஆட்டின் உடலன்று, புழுவின் மரபு. ஆகவே பழைய ஆடுகளை விற்றுவிட்டுப் புதிய ஆடுகளை வாங்கிவந்தாலும், அதே நிலத்தில் அவை மேயும் வரை, மருந்துக்கு அடங்காத அதே புழுக்களே அவற்றின் வயிற்றிலும் சென்று சேர்கின்றன.

கோயம்புத்தூர், திருப்பூர், ஈரோடு, கரூர், நாமக்கல், சேலம் மாவட்டங்களை உள்ளடக்கிய கொங்கு வட்டாரத்தில் இக்கேள்வி இன்று முன்னைக்காட்டிலும் அழுத்தம் பெறுவதற்குக் காரணம் உண்டு. 2019ஆம் ஆண்டின் 20ஆம் கால்நடைக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் ஏறத்தாழ 99 லட்சம் வெள்ளாடுகள் இருந்தன. 2012இல் அந்த எண்ணிக்கை ஏறத்தாழ 81 லட்சமாக இருந்தது. சேலம் கருப்பு போன்ற வட்டார இனத்தோடு, கேரளத்துத் தலைச்சேரி ஆடும், வட இந்திய ஜமுனாபாரியும், இவற்றின் கலப்புகளும் கொட்டிலிலும் பரண் மேலும் வளர்க்கப்படுகின்றன. ஆட்டுப்பால் உற்பத்தியில் உலகில் முதலிடம் இந்தியாவுக்கே என்றாலும், தமிழ்நாட்டின் பால் கூட்டுறவு அமைப்பு பசு, எருமைப் பாலை மையமாகக் கொண்டே வளர்ந்ததால், கொங்கு நாட்டில் ஆட்டுப்பால் பெரும்பாலும் குட்டிகளுக்கும் வீட்டுத் தேவைக்கும் அக்கம்பக்கத்து விற்பனைக்கும் உரியதாகவே இருக்கிறது. ஆயினும் பாலுக்கென்று ஆடு வளர்ப்போருக்குப் புழுச் சிக்கல் இருமடங்கு கடினமானது. ஏனெனில் பால் கறக்கும் ஆடே புழுவுக்கு எளிதில் இடங்கொடுப்பதாகவும், அதற்குக் கொடுக்கத்தக்க மருந்துகளோ மிகச் சிலவாகவும் உள்ளன.

குடற்புழு என்று பொதுவாகச் சொல்லப்பட்டாலும், இப்பகுதியின் வெள்ளாடுகளுக்கு மிகுந்த கேடு செய்வது குடலில் வாழ்வதன்று. நான்காம் இரைப்பையில் தங்கிக் குருதி உறிஞ்சும் ஹீமாங்கஸ் கன்டார்டஸ் என்னும் உருளைப்புழுவாகும். இறந்த ஆட்டின் நான்காம் இரைப்பையைத் திறந்து பார்த்தால், 2 முதல் 3 செ.மீ. நீளமுள்ள பெண் புழுக்கள் இரைப்பையின் மடிப்புகளுக்கிடையே கொத்தாக நெளிவதைக் காணலாம். குருதி நிறைந்த சிவந்த குடலின் மீது வெண்மையான சூலகம் சுற்றிச் சுற்றிப் படர்ந்திருப்பதால், ஒவ்வொரு புழுவும் சிவப்பும் வெள்ளையுமாக முறுக்கிய நூல் போலத் தோன்றும். ஒரு புழு நாளொன்றுக்கு ஏறத்தாழ 0.05 மி.லி. குருதியை ஆட்டுக்கு இழப்பாக்குகிறது. 25 கிலோ எடையுள்ள ஓர் ஆட்டின் உடலில் மொத்தமே 1.75 லிட்டர் அளவு குருதி இருக்க, 1,000 புழுக்கள் சேர்ந்தால் நாள்தோறும் 50 மி.லி. போய்விடும் என்பதைக் கொண்டு, நல்ல மழைக்குப் பின் சில வாரங்களுக்குள் ஆடுகள் திடீரெனச் சாய்வதன் காரணத்தை உணரலாம். இதனோடு சிறுகுடலில் வாழும் டிரைக்கோஸ்டிராங்கைலஸ், பெருங்குடலில் முடிச்சுகளை உண்டாக்கும் ஈசோபகோஸ்டோமம், குட்டிகளைத் தாக்கும் ஸ்டிராங்கிலாய்டிஸ் ஆகியவையும் சேர்ந்தே காணப்படுகின்றன. பட்டை பட்டையாகச் சாணத்தில் வெளிவருவதால் கண்ணுக்குத் தெரியும் நாடாப்புழுவே வளர்ப்போரின் கவனத்தை அதிகம் ஈர்க்கிறது; ஆனால் உயிரைப் பறிப்பது பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியாத முட்டைகளை இடும் ஹீமாங்கஸ்தான்.

ஒரு பெண் ஹீமாங்கஸ் நாளொன்றுக்கு 5,000 முதல் 10,000 முட்டைகள் வரை இடும். அவை புழுக்கையோடு நிலத்தில் விழுந்து, ஈரமும் வெப்பமும் வாய்த்தால் ஏறத்தாழ ஒரு வாரத்தில் பொரிந்து, இருமுறை சட்டை உரித்து, நோய் தரும் மூன்றாம் நிலை இளம்புழுவாகி, பனியும் மழையும் நனைத்த புல்லின் மீது சில அங்குல உயரம் வரை ஏறிநிற்கின்றன. புல்லோடு உள்ளே சென்ற இளம்புழு மூன்று வாரத்தில் முட்டையிடத் தொடங்குகிறது. மழைக்காலத்தில் மாதம் ஒரு தலைமுறை என்ற இந்த வேகமும், முட்டைகளின் இந்தப் பெருக்கமும் சேர்ந்துதான், கோடியில் ஒன்றாக நேரும் மரபுப் பிறழ்வைக் கூட ஒரு பண்ணைக்குள் விரைவில் பரவச் செய்கின்றன.

வெள்ளாடு இப்புழுக்களிடம் செம்மறியைவிட எளிதாக அகப்படுவதற்கு அதன் இயல்பான உணவுமுறையே காரணம். தழை கடித்துத் தின்னும் பழக்கமுள்ள விலங்கு என்பதால், தலையை உயர்த்தி வேலியோரத்துக் கிளுவையையும் வேலம் நெற்றையும் தேடும் வரை, தரையோரப் புல்லில் இருக்கும் இளம்புழுக்களை அது அதிகம் எதிர்கொள்ளவில்லை. எதிர்கொள்ளாததால் அவற்றுக்கு எதிரான உடல்தற்காப்பும் அதனிடம் செம்மறியின் அளவுக்கு வளரவில்லை. அதே வெள்ளாட்டைத் தழையில்லாத நிலத்தில் புல் மேயவிட்டால், தற்காப்பற்ற உடலோடு புழுக்களின் நடுவே நிறுத்தியதாகிறது. இதைவிட முக்கியமான மற்றொரு வேறுபாடு உடலுக்குள் நிகழ்வது. ஃபென்பெண்டசோல், அல்பெண்டசோல் போன்ற மருந்துகளை வெள்ளாட்டின் கல்லீரல் செம்மறியைக் காட்டிலும் விரைவாகச் சிதைத்து வெளியேற்றிவிடுவதால், செம்மறிக்கு உரிய அளவு வெள்ளாட்டின் குருதியில் போதிய நேரம் தங்குவதில்லை. இதனாலேயே பல நாடுகளில் ஒட்டுண்ணியியலாளர்கள் வெள்ளாட்டுக்கு இம்மருந்துகளைச் செம்மறியைப் போல இருமடங்கும், லெவமிசோலை ஒன்றரை மடங்கும் பரிந்துரைக்கின்றனர். லெவமிசோலில் நன்மை தரும் அளவுக்கும் நஞ்சாகும் அளவுக்கும் இடைவெளி குறுகியது. ஆதலால் அதை எடை அறியாமல் கூட்டுவது ஆபத்து. புட்டியின் மேலட்டையில் ஆடு என்று பொதுவாக அச்சிடப்பட்ட அளவையே இரண்டுக்கும் கொடுத்துவந்த நீண்ட பழக்கத்தின் விளைவாக, வெள்ளாடுகள் பல்லாண்டுகளாகக் குறையளவு மருந்தையே பெற்றுவந்தன. குறையளவு மருந்தில் ஓரளவு எதிர்ப்புள்ள புழுவும் பிழைத்துக்கொள்கிறது. செம்மறியும் வெள்ளாடும் ஒரே பட்டியில் அடையும் கொங்கு நாட்டில், வெள்ளாட்டின் வயிற்றில் பிழைத்த புழு அடுத்த மாதமே செம்மறியின் வயிற்றுக்குள் செல்கிறது.

மருந்தெதிர்ப்பின் உலக வரலாறு, ஒவ்வொரு மருந்தின் பின்னும் சில ஆண்டுகளுக்குள் அதன் தோல்வி தொடர்ந்து வந்த வரலாறாகும். பினோதயசீன் என்னும் பழைய மருந்துக்கு எதிர்ப்பு 1957இல் அமெரிக்காவில் பதிவாயிற்று. 1961இல் வந்த தயபெண்டசோல், பென்சிமிடசோல் என்னும் பெருங்குழுவின் முதல் மருந்து. அதற்கு அடங்காத ஹீமாங்கஸ் 1964இலேயே அறிவிக்கப்பட்டது. ஜப்பானிய மண்ணில் சடோஷி ஓமுரா கண்டெடுத்த நுண்ணுயிரிலிருந்து வில்லியம் கேம்பெல்லின் குழு உருவாக்கிய ஐவர்மெக்டின் 1981இல் கால்நடைகளுக்கு விற்பனைக்கு வந்தது. அக்கண்டுபிடிப்புக்காக இருவரும் 2015இல் நோபல் பரிசு பெற்றனர். ஆனால் அந்த மருந்துக்கும் 1980களின் இறுதிக்குள் தென்னாப்பிரிக்கச் செம்மறிகளில் எதிர்ப்பு தோன்றிவிட்டது. 2009இல் நியூசிலாந்தில் அறிமுகமான மோனிபேன்டல் முற்றிலும் புதிய குழுவைச் சேர்ந்தது. அந்நாட்டிலேயே வெள்ளாடுகள் இருந்த ஒரு பண்ணையில் அது பயனற்றுப்போனது 2013இல் வெளியிடப்பட்டது. குறிப்பாக இந்த இறுதி நிகழ்வு, புதிய மருந்து வந்து காப்பாற்றும் என்ற நம்பிக்கைக்கு மிகக் குறைந்த இடமே விடுகிறது.

மருந்துகள் வேலை செய்யும் விதத்தை அறிந்தால் அவை தோற்கும் விதமும் விளங்கும். பென்சிமிடசோல் குழு, புழுவின் செல்களில் சாரம் போல நிற்கும் நுண்குழல்களின் அடிப்படைப் புரதமான பீட்டா டியூபுலினைப் பற்றிக்கொண்டு, அக்குழல்கள் உருவாகாமல் தடுக்கிறது. அப்புரதத்தின் 200ஆம் இடத்தில் ஃபினைல்அலனின் இருக்க வேண்டிய இடத்தில் டைரோசின் வந்துவிட்டால் மருந்து பற்றிக்கொள்ள இடமில்லாமற் போகிறது என்பது 1990களில் நெதர்லாந்து ஆய்வாளர்களால் நிறுவப்பட்டது. 167, 198 ஆகிய இடங்களின் மாற்றங்களும் பின்னர் கண்டறியப்பட்டன. லெவமிசோல் நரம்புத் தூண்டலை மிகுவித்துப் புழுவை இறுகச் செய்கிறது. ஐவர்மெக்டின் மாறாகத் தசைகளையும் தொண்டையையும் தளரச் செய்து பட்டினி போடுகிறது. குளோசான்டல் ஆட்டின் குருதிப் புரதத்தோடு பிணைந்து நிற்பதால், குருதி உறிஞ்சும் புழுவை மட்டும் கொல்லும். அளவு மீறினால் ஆட்டின் பார்வையையே பறித்துவிடும். இவற்றுள் முக்கியமான செய்தி, ஒரே குழுவைச் சேர்ந்த மருந்துகளுக்கு எதிர்ப்பு பெரும்பாலும் ஒன்றாகவே வரும் என்பதாகும். ஃபென்பெண்டசோல் கேட்கவில்லை என்று அல்பெண்டசோலுக்கு மாறுவது பெயரளவிலான மாற்றமே. இரண்டும் பற்றுவது அதே புரதத்தின் அதே இடத்தைத்தான். மருந்துக் கடையில் வணிகப் பெயரைக் கொண்டு வாங்கும்போது இது எவருக்கும் புலப்படுவதில்லை. வண்ணமும் புட்டியும் மாறினால் மருந்தும் மாறிவிட்டதாகவே கருதப்படுகிறது.

இந்தியாவில் மருந்தெதிர்ப்பின் முதல் அறிக்கை 1976இல் செம்மறிகளின் ஹீமாங்கஸ் பற்றி, பினோதயசீனுக்கும் தயபெண்டசோலுக்கும் எதிராக வெளிவந்தது. 1990களில் அரியானாவிலிருந்து வெள்ளாடுகளின் லெவமிசோல் எதிர்ப்பும், அதன்பின் ராஜஸ்தானின் அவிகாநகர், உத்தரப் பிரதேசத்தின் மக்தூம் ஆகிய இடங்களிலுள்ள மத்திய ஆராய்ச்சி நிறுவனங்களின் வட்டாரங்களிலிருந்தும் இமயமலைப் பகுதியின் பஷ்மினா ஆடுகளிலிருந்தும் தொடர்ச்சியான சான்றுகளும் வந்தன. தமிழ்நாட்டில் சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்த ஒட்டுண்ணியியலாளர்கள் 2009இலும் 2014இலும் வெளியிட்ட ஆய்வுகள், முறைப்படி நடத்தப்படும் செம்மறிப் பண்ணைகளில் மருந்துக்கு அடங்காத புழுக்கள் நிலைத்திருப்பதையும், ஒன்றுக்கு மேற்பட்ட மருந்துக் குழுக்கள் அங்கே பலனிழந்திருப்பதையும் காட்டின.

இந்திய ஆய்வுகளை ஒருசேரப் படிப்போர் கவனிக்கத் தவறக்கூடாத ஒரு போக்கு உண்டு. மருந்தெதிர்ப்பு கடுமையாக இருப்பது அரசு, பல்கலைக்கழக, பெரிய தனியார் பண்ணைகளில். ஊர்ப் பொதுநிலத்தில் மேயும் சிறு வளர்ப்போரின் ஆடுகளில் பழைய மருந்துகளும் இன்னும் பெருமளவு வேலை செய்கின்றன. கல்வியறிவும் மருத்துவரும் ஆய்வகமும் உள்ள இடத்தில் சிக்கல் பெரிதாகவும், இவை எவையும் இல்லாத இடத்தில் சிறிதாகவும் இருப்பது முதற்பார்வைக்கு வியப்பாகலாம். ஆனால் பண்ணையில் அட்டவணைப்படி எல்லா ஆடுகளுக்கும் ஆண்டுக்குப் பலமுறை மருந்து தவறாமல் கொடுக்கப்படுகிறது. ஊரில் கையில் காசு இருந்தபோது, நோய் கண்டபோது, சிலவற்றுக்கு மட்டும் கொடுக்கப்படுகிறது. மருந்து படாத புழுக்கள் ஊரில் எப்போதும் மிஞ்சியிருக்கின்றன. அந்த மிச்சமே மருந்தின் ஆயுளைக் காத்துவந்திருக்கிறது.

மருந்து கொடுக்கும் நாளில் அதன் தாக்கத்துக்கு ஆளாகாமல் இருக்கும் புழுக்களின் தொகையை ஒட்டுண்ணியியலில் புகலிடத் தொகை எனலாம். மேய்ச்சல் நிலத்தில் கிடக்கும் முட்டைகளும் இளம்புழுக்களும், மருந்து கொடுக்காமல் விடப்பட்ட ஆடுகளின் வயிற்றிலுள்ள புழுக்களும் இதில் அடங்கும். பென்சிமிடசோலுக்கான எதிர்ப்பு பெரும்பாலும் ஒடுங்கு பண்பாக இறங்குவதால், தாய், தந்தை இருவரிடமிருந்தும் மாறிய மரபணுவைப் பெற்ற புழுவே முழுமையாகத் தப்பும். மருந்தில் பிழைத்த சில புழுக்களின் சந்ததி, புகலிடத்திலுள்ள ஏராளமான மென்மையான புழுக்களோடு கலந்துவிட்டால், பிறப்பவற்றில் பெரும்பாலானவை ஒரு பிரதியை மட்டுமே பெற்று அடுத்த மருந்துக்கு மடிகின்றன. புகலிடம் வறண்டிருந்தால், பிழைத்தவை தமக்குள்ளேயே இணைந்து, அடுத்த தலைமுறையை முழுவதும் அடங்காதவையாக ஆக்கிவிடுகின்றன. எத்தனை முறை மருந்து கொடுக்கப்பட்டது என்பதைக் காட்டிலும், கொடுத்த நாளில் நிலத்தில் எவ்வளவு புழு இருந்தது என்பதே எதிர்ப்பின் வேகத்தை நிர்ணயிக்கிறது.

இங்கேதான் கொங்கு நாட்டின் நில இயல்பு முழுப்பொருளும் பெறுகிறது. காங்கயம், தாராபுரம், மூலனூர்ப் பகுதிகளின் கொறங்காடு, ஆண்டுக்கு ஏறத்தாழ 600 முதல் 700 மி.மீ. மழையை, அதிலும் பெரும்பகுதியை ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் பெறும் வறண்ட மேய்ச்சல் நிலமாகும். கிளுவை வேலியால் சூழப்பட்டு, வெள்வேல் மரங்கள் பரவலாக நிற்க, கொழுக்கட்டைப்புல் தரையை மூடியிருக்கும் இந்நிலம், காங்கயம் மாடுகளோடு செம்மறிகளையும் தாங்கிவந்திருக்கிறது. ஹீமாங்கஸ் இளம்புழு பெருகுவதற்கு மாதம் 50 மி.மீ. அளவாவது மழை வேண்டும் என்பது 1940களில் ஆஸ்திரேலியாவில் வகுக்கப்பட்ட கணிப்பு. மாசி முதல் சித்திரை வரை காய்ந்து வெடித்துக் கிடக்கும் கொறங்காட்டில், வெயிலும் வறட்சியும் புழுக்கையிலுள்ள முட்டைகளையும் இளம்புழுக்களையும் அழித்துவிட, அப்போது உயிரோடிருக்கும் புழுக்கள் அநேகமாக ஆடுகளின் வயிற்றுக்குள் மட்டுமே இருக்கின்றன. அந்த நாளில் பட்டியிலுள்ள எல்லா ஆடுகளுக்கும் ஒருசேர மருந்து கொடுத்தால், புகலிடம் ஏதுமின்றி, பிழைத்த அடங்காத புழுக்கள் மட்டுமே அடுத்த மழைக்கு விதையாகின்றன. மேற்கு ஆஸ்திரேலியாவில் வறண்ட கோடையில் எல்லாச் செம்மறிகளுக்கும் மருந்து கொடுக்கும் திட்டம், குறைந்த செலவில் நிறைந்த பலன் தரும் என்று எண்ணிப் பரப்பப்பட்டு, பின்னர் கடும் மருந்தெதிர்ப்புக்குக் காரணமானது இதே முறையில்தான். கோடை மருந்து அப்போதைக்கு மிக நன்றாக வேலை செய்வதாகத் தோன்றும். நிலத்தில் புதிய புழு இல்லாததால் ஆடுகள் மாதக்கணக்கில் தெளிவாக இருக்கும். அந்தத் தெளிவுக்கான விலை சில ஆண்டுகள் கழித்தே கேட்கப்படுகிறது.

கொங்கு முழுவதும் இப்படி வறண்டதன்று. கீழ்பவானிக் கால்வாய் பாயும் கோபிசெட்டிபாளையம் பக்கமும், பரம்பிக்குளம் ஆழியாறு நீர் எட்டும் பொள்ளாச்சி, ஆனைமலைத் தென்னந்தோப்புகளிலும், கால்வாய்க் கரையிலும் சொட்டுநீர்க் குழாயின் அடியிலும் ஆண்டு முழுவதும் பசும்புல்லும் ஈரமும் இருப்பதால் இளம்புழுக்களுக்குக் கோடையென ஒன்று இல்லை. அங்கே புகலிடம் நிறைய உண்டு. நோயும் நிறைய உண்டு. தாராபுரத்துக்கும் ஆனைமலைக்கும் ஒரே அட்டவணையை வகுத்தல் பொருந்தாது. ஆனால் வளர்ப்புக் கையேடுகளில் வழக்கமாகக் காணப்படுவது, குட்டிகளுக்கு ஆறு மாதம் வரை மாதந்தோறும், பின்னர் மூன்று மாதத்துக்கு ஒருமுறை என மழையையும் நிலத்தையும் பாராத நாட்காட்டியே ஆகும். மருந்து மலிவாகவும் புதியதாகவும் இருந்த காலத்தில் அந்த நாட்காட்டி நன்மை செய்தது என்பதை மறுக்க இயலாது. இன்று அதைத் திருத்தாமல் வைத்திருப்பது கேடு.

மருந்து கொடுக்கும் முறையிலும் பிழைகள் மலிந்துள்ளன. எடை பார்க்காமல் கண்மதிப்பில் அளவு வைப்பது, கூட்டத்தின் சராசரி எடைக்குக் கொடுப்பதால் பெரிய ஆடுகள் குறையளவு பெறுவது, புட்டியைக் குலுக்காமல் ஊற்றுவதால் முதல் ஆடுகளுக்குத் தெளிந்த நீரும் கடைசி ஆடுகளுக்கு வண்டலும் போவது, வாயின் முன்பக்கம் ஊற்றிப் பாதியைச் சிந்தவிடுவது ஆகியவை எல்லாப் பட்டிகளிலும் காணத்தக்கவை. மருந்தை நாக்கின் பின்பகுதியில் மெல்லச் செலுத்தினால் அது முதல் இரைப்பையில் தங்கி நெடுநேரம் வேலை செய்யும். பென்சிமிடசோல் கொடுப்பதற்கு முந்தைய இரவு தீவனத்தை நிறுத்திவைத்தால் குடலில் மருந்தின் நகர்வு குறைந்து பலன் கூடும். ஆனால் சினை முற்றிய ஆட்டையோ நோயால் தளர்ந்த ஆட்டையோ பட்டினி போடலாகாது. அல்பெண்டசோலைச் சினையின் தொடக்க மாதத்தில் தவிர்க்க வேண்டும். மருந்து கொடுத்த கையோடு ஆடுகளைப் புதிய, புழுவற்ற நிலத்துக்கு ஓட்டிச்செல்வது பழைய நூல்களில் நல்ல பழக்கமாகப் போற்றப்பட்டது; இன்றைய அறிவில், பிழைத்த புழுக்களை மட்டும் அப்புதிய நிலத்தில் விதைக்கும் செயல் அது.

ஒரு பண்ணையில் மருந்து வேலை செய்கிறதா என்பதை அறியும் வழி எளியது. மருந்து கொடுக்கும் நாளிலும் அதன்பின் 10 முதல் 14 நாட்களுக்குள்ளும் ஆடுகளின் புழுக்கையிலுள்ள முட்டைகளை எண்ணி ஒப்பிடும் இதனை முட்டை எண்ணிக்கைக் குறைப்புச் சோதனை என்பர். ஆட்டின் ஆசனவாயிலிருந்து நேரடியாக எடுத்த 3 கிராம் புழுக்கையை அரைத்து, கறியுப்பை இயன்றவரை கரைத்த நீரில் கலந்து வடிகட்டி, கோடிட்ட கண்ணாடி அறையில் நிரப்பினால், கனமான உப்புநீரில் முட்டைகள் மேலே மிதந்துவர, நுண்ணோக்கியில் அவற்றை எண்ணலாம். 1939இல் சிட்னியின் மெக்மாஸ்டர் ஆய்வகத்தில் உருவான முறை இது. 1992இல் உலகக் கால்நடை ஒட்டுண்ணியியல் சங்கம் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி முட்டைகள் 95 விழுக்காட்டுக்கும் குறைவாகவே குறைந்திருந்து, புள்ளியியல் கணிப்பின் கீழெல்லை 90க்கும் கீழே இருந்தால் அங்கே மருந்தெதிர்ப்பு உறுதி. ஆனால் எதிர்ப்பு மரபணு ஏறத்தாழ 25 விழுக்காட்டை எட்டும் வரை இச்சோதனை அதைக் காட்டுவதில்லை. அதற்கு முன்னரே அறிய மரபணுச் சோதனை வேண்டும். நாமக்கல்லிலும், 2020 முதல் உடுமலைப்பேட்டையிலும் கால்நடை மருத்துவக் கல்லூரிகள் உள்ள வட்டாரத்தில், முட்டை எண்ணும் சோதனை எட்டாத ஒன்றன்று. அதைக் கேட்கும் பழக்கம்தான் இன்னும் உருவாகவில்லை.

தென்னாப்பிரிக்காவில் ஃபாஃபா மலானின் பெயரால் 1990களில் உருவான ஃபமாச்சா முறை, ஆய்வகமே இல்லாத வளர்ப்போருக்கும் உரியது. நல்ல வெயில் வெளிச்சத்தில் ஆட்டின் கீழிமையை மெல்ல இழுத்து, உள்தோலின் நிறத்தை அட்டையிலுள்ள ஐந்து நிறங்களோடு ஒப்பிட்டு, செஞ்சிவப்பாக இருக்கும் 1, 2ஆம் நிலை ஆடுகளை விட்டுவிட்டு, வெளுக்கத் தொடங்கிய 3 முதல் வெள்ளையாகிவிட்ட 5 வரையுள்ளவற்றுக்கு மட்டும் மருந்து கொடுப்பது இதன் சாரம். ஒரு மந்தையின் புழுக்களில் பெரும்பகுதி சில ஆடுகளின் வயிற்றிலேயே குவிந்திருக்கும் என்ற உண்மையின் மீது இது நிற்கிறது. நல்ல ஆடுகளின் வயிற்றிலுள்ள சிறு தொகை புகலிடமாக விடப்படுகிறது. கொங்கு நாட்டு மூத்த ஆடு வளர்ப்போர் சந்தையில் ஆடு வாங்கும்போது இமையைப் புரட்டிப் பார்ப்பவர்களே. ஐப்பசி முதல் மார்கழி வரை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை அதையே ஒழுங்காகச் செய்யப் புதிய திறமை எதுவும் வேண்டியதில்லை. ஆனால் உண்ணி, பேன், குருதி ஒட்டுண்ணிகள், கல்லீரல் தட்டைப்புழு ஆகியவையும் இமையை வெளுக்கச் செய்யும் என்பதும், கழிச்சலை மட்டும் உண்டாக்கும் புழுக்களை இமை காட்டாது என்பதும் இம்முறையின் எல்லைகள். நான்கே ஆடுகள் வைத்திருக்கும் ஏழைக் குடும்பத்திடம் ஓர் ஆட்டைப் புகலிடமாக விடச் சொல்வது நியாயமும் ஆகாது. அந்தப் பொறுப்பு நூறு ஆடுகள் வைத்திருக்கும் பண்ணையின் மேலும், ஒரே நாளில் ஊர் முழுவதற்கும் மருந்து வழங்கும் முகாம்களின் நாள்குறிப்பின் மேலும் விழவேண்டியது. மருந்துக்கு அடங்கும் புழுக்களின் தொகை நிலத்தடி நீரைப் போன்றது. ஒருவர் ஆழத் தோண்டினால் அனைவருக்கும் கிணறு வற்றும்.

பரண் மேல் ஆடு வளர்ப்பு இவ்வகையில் கொங்கு நாட்டுக்குக் கிடைத்த நல்ல வாய்ப்பு. இடைவெளியுள்ள பலகைத் தளத்தின் வழியே புழுக்கை கீழே விழுந்துவிடுவதாலும், வேலிமசால், அகத்தி, சூபாபுல், கோவை வேளாண் பல்கலைக்கழகத்தின் கோ எஃப்எஸ் 29 தீவனச்சோளம் ஆகியவை அறுத்துவந்து உயரத்தில் கட்டப்படுவதாலும் புழுவின் சுழற்சி அறுபடுகிறது. பரணின் கீழுள்ள எருவைப் பச்சையாகவே தீவனப் பாத்தியில் இட்டு, ஈரம் காயுமுன் தரையொட்டி அறுத்துப்போடும் இடங்களில் மட்டும் அந்தச் சுழற்சி மீண்டும் இணைந்துவிடுகிறது. எருவை மக்கவைத்து இடுவதும், பனி உலர்ந்த பின் அறுப்பதும் இதற்குப் போதுமான தீர்வு. பரண் ஆட்டுக்குப் புழு வராது என்றபடியே, மேய்ச்சல் ஆட்டுக்குரிய அட்டவணையின்படி மருந்தும் கொடுத்துவருவது இன்று பல பண்ணைகளில் நடக்கிறது. தேவையற்ற மருந்து அங்கே செலவு மட்டுமன்று. புகலிடமே இல்லாத சிறு புழுக்கூட்டத்தின் மேல் விழும் மிகக் கடுமையான தேர்வுமாகும்.

மேய்ச்சல் நிலத்தைச் சிறு பாத்திகளாகப் பிரித்து மாற்றி மாற்றி மேய்ப்பதன் பலன் வெப்பமண்டலத்தில் மிகுதி. ஈரவெப்ப நிலத்தில் இளம்புழுக்கள் விரைவாகத் தோன்றி விரைவாகவே மடிகின்றன. பசிபிக் தீவொன்றில் 10 பாத்திகளை மூன்றரை நாளுக்கு ஒன்றாக வெள்ளாடுகள் மேய்ந்து, ஏறத்தாழ ஒரு மாதம் கழித்து முதற்பாத்திக்குத் திரும்பிய சோதனையில் முட்டை எண்ணிக்கை பாதிக்கும் கீழே குறைந்ததை 1994இல் ஆய்வாளர்கள் வெளியிட்டனர். கொறங்காட்டை வேலியிட்டுப் பிரித்து முறைவைத்து மேய்க்கும் கொங்கு வழக்கத்துக்கு இதனோடு நெருங்கிய உறவு உண்டு. வேலமரத் தழையிலும் நெற்றிலுமுள்ள டானின் என்னும் துவர்ப்புப் பொருள் புழுக்களை ஓரளவு ஒடுக்குவதும், புரதம் மிகுந்த தீவனம் ஆட்டின் தாங்குதிறனைக் கூட்டுவதும் ஆய்வுகளில் தெரிகின்றன. பட்டிகளில் கொடுக்கப்படும் வேப்பிலை, கற்றாழை முதலிய மூலிகைக் கலவைகளை அதே முட்டை எண்ணும் சோதனையால் அளந்து ஏற்கவோ விலக்கவோ வேண்டும். மரபென்பதால் ஏற்பதும் மரபென்பதால் தள்ளுவதும் ஆய்வாகாது. புழுவின் குடற்புரதத்திலிருந்து செய்யப்பட்ட தடுப்பூசி 2014 முதல் ஆஸ்திரேலியச் செம்மறிகளுக்குக் கிடைக்கிறது. சாணத்திலேயே இளம்புழுவைச் சிக்கவைத்து உண்ணும் பூஞ்சையும் வெளிநாடுகளில் விற்பனைக்கு வந்துள்ளது.

பால் ஆட்டின் நிலை இன்னும் நெருக்கடியானது. குட்டி ஈனும் காலத்தை ஒட்டி உடல்தற்காப்பு தளர்வதால் புழு முட்டைகளின் எண்ணிக்கை உயர்கிறது. பிரான்சில் 1990களில் நடந்த ஆய்வுகளில், அதிகம் கறக்கும் ஆடுகளே புழுவால் அதிகம் பாலை இழந்தன. ஐவர்மெக்டின் பாலில் நெடுநாள் கசிவதால் கறவை ஆட்டுக்கு ஏற்றதன்று. மற்ற மருந்துகளுக்கும் பாலை விலக்கிவைக்க வேண்டிய நாட்கள் உண்டு. வெள்ளாட்டுக்கு அளவை இருமடங்காக்கும்போது அந்நாட்களும் நீளவேண்டும் என்பது பெரும்பாலும் நினைக்கப்படுவதில்லை. ஆட்டுப்பால் குழந்தைகளுக்கும் முதியோருக்கும் என்று தேடி வாங்கப்படும் இவ்வட்டாரத்தில், இது பால் விற்போர் நேர்மையாக எதிர்கொள்ள வேண்டிய கேள்வி. சினை முற்றும் முன் இமை பார்த்து, புழுக்கை சோதித்து, தேவையான ஆட்டுக்கு மட்டும் அப்போதே மருந்து கொடுத்துவிடுவது, கறக்கும் காலத்தில் மருந்தின் தேவையைக் குறைக்கும்.

மருந்தெதிர்ப்பு பண்ணையில் பிறந்தாலும் ஊருக்குப் பயணம் செய்வது ஆட்டின் வயிற்றில் ஏறித்தான். மலேசியாவின் சபா மாநிலத்தில் அரசு இனப்பெருக்கப் பண்ணைகளின் ஆடுகளை ஆராய்ந்து, ஈப்போ கால்நடை ஆராய்ச்சி நிறுவனத்தின் பி. சந்திரவதனியும் பிறரும் 2004இல் வெளியிட்ட ஆய்வு, சோதித்த மருந்துக் குழுக்கள் அனைத்துமே அங்கே தோற்றுவிட்டதைக் காட்டியது. அப்பண்ணைகளோ சிறு வளர்ப்போருக்கு ஆடு வழங்குவதற்காக ஏற்பட்டவை. தமிழ்நாட்டிலும் பொட்டனேரியின் மேச்சேரிச் செம்மறி ஆராய்ச்சி நிலையம் போன்ற பண்ணைகளிலிருந்து தரமான கிடாக்கள் ஊர்களுக்குச் செல்வது இன முன்னேற்றத்துக்கு இன்றியமையாதது. 2011இல் தொடங்கி, குடும்பத்துக்கு நான்கு ஆடுகளாக 7 லட்சம் குடும்பங்களுக்கு வழங்கும் இலக்கோடு நடந்த விலையில்லா ஆடுகள் திட்டம் ஆடுகளை மாவட்டம் விட்டு மாவட்டம் கொண்டு சேர்த்தது; குண்டடம், புன்செய்ப் புளியம்பட்டி போன்ற சந்தைகள் இன்றும் அவ்வாறே கொண்டு சேர்க்கின்றன. வாங்கிய ஆட்டை இரண்டு வாரம் தனியே கட்டி, இருவேறு குழு மருந்துகளைக் கொடுத்து, 14ஆம் நாள் புழுக்கையில் முட்டை இல்லையென்று கண்ட பின்னரே பட்டியில் சேர்ப்பது வளர்ப்போர் அளவில் செய்யத்தக்கது. இனக் கிடாவை வெளியே அனுப்பும் பண்ணை அதனினும் முன்னே செல்லவேண்டும்: ஆட்டுக்கொல்லி நோய்த் தடுப்பூசி போடப்பட்ட நாளைக் குறிக்கும் அதே தாளில், அப்பண்ணையில் எந்த மருந்துக் குழு எத்தனை விழுக்காடு முட்டைகளைக் குறைத்தது, எந்த ஆண்டில் சோதிக்கப்பட்டது என்பதையும் எழுதிக் கொடுக்கவேண்டும். அதற்கு ஆகும் செலவு சிறிது உப்பும், ஒரு கண்ணாடி எண்ணறையும், பயிற்சி பெற்ற ஒருவரின் சில மணி நேரமும் மட்டுமே.